பச்சையில் நின்ற முள்

எங்கள் ஊர் கூலிஜாலில் அரசாங்கம் என்று ஒன்று இருந்ததென்றால், அது லயல் பெனிங்டனின் வலது கைதான். முச்சந்தியில் நிற்கும் தீ அபாயப் பலகையின் முள்ளைத் தினமும் காலையில் அந்தக் கைதான் திருப்பி வைக்கும். பாதி தர்பூசணி வடிவத்தில் பெரிய தகரப் பலகை அது. இடது கோடியில் பச்சை, அப்புறம் நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் சிவப்பில் கறுப்பு வரி போட்ட 'பேரழிவு'. முள் பச்சையில் நின்றால் கொல்லையில் அடுப்பு மூட்டிக் கறி சுடலாம். பேரழிவில் நின்றால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். நடுவில் உள்ள நிறங்களுக்கு என்ன செய்வது என்பது லயலுக்கு மட்டும்தான் தெரியும். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

முள்ளை எங்கே வைப்பது என்பது அவர் தீர்மானம் இல்லை. சிட்னியில் யாரோ கணினியைத் தட்டிப் பார்த்து ரேடியோவில் சொல்வார்கள். லயல் அதைக் கேட்டு, முகம் மழித்து, தீயணைப்புப் படைத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் முள்ளைத் திருப்புவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி மனசு வைக்க வேண்டும் இல்லையா? "இன்னிக்கு ஆரஞ்சு போட்டிருக்கேன்" என்பார், ஏதோ சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரி.

இந்தப் பதவியை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் அவர் மனைவி நோலா. அது ஊரில் பலருக்குத் தெரியாது; லயலுக்கும் தெரியாது. ஆயுள் முழுக்க வட்டாரக் கவுன்சிலில் கிரேடர் ஓட்டி மண்சாலைகளை மட்டம் தட்டியவர் லயல். மிச்ச நேரமெல்லாம் ஊர்த் தீயணைப்புப் படை. அதில் சம்பளம் கிடையாது. டீயும் திட்டும் உண்டு. ஒரு கோடையில் புல்வெளித் தீ ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தபோது குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு. படைத் தலைவி டேனீஸ் மல்க்வீன், பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், தாட்சண்யம் பார்க்கத் தெரியாதவள், "இனிமே லாரியில ஏறாதே, பெரிசு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து லயல் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஷேவ் இல்லை, பேச்சு இல்லை, சாப்பாட்டில் குறை சொல்வதுகூட இல்லை. நோலாவுக்கு அதுதான் பயமாகிப் போயிற்று.

அவள் டேனீஸிடம் போய், "ஏதாவது ஒரு வேலை குடு. சும்மா பேருக்காவது குடு" என்றாள்.

"முள்ளு திருப்புற வேலைதான் இருக்கு. விடியக்காலையில எழுந்திருக்கணும்னு ஒரு பயலும் வர மாட்டேங்கிறான்."

"அதைக் குடு. ஆனா பெரிய வேலைன்னு சொல்லிக் குடு."

டேனீஸ் சொல்லிக் கொடுத்தாள். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் காலை லயல் முகம் மழித்தார். அதற்கடுத்த நாள் முட்டை வேகவில்லை என்று சண்டை போட்டார். நோலா கொல்லைக்குப் போய் நின்று சந்தோஷமாக அழுதுவிட்டு வந்தாள்.

முள் மீது அவருக்கு இருந்த பக்தியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். வேலைக்கு வந்த பிறகு மறுபடி நெஞ்சு வலித்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நோலா அழைத்து வந்துகொண்டிருந்தாள். மடியில் மாத்திரைப் பை. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. முச்சந்தி வந்ததும் மனிதர் "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார். மறுபடி நெஞ்சுதான் என்று நோலா பதறி வண்டியை ஓரங்கட்டினால், அவர் இறங்கித் தள்ளாடிப் போய் முள்ளை நீலத்திலிருந்து மஞ்சளுக்கு நகர்த்திவிட்டு வந்தார். மூச்சு வாங்கியது. "நான் படுத்திருந்தா ஊரே குருட்டுத்தனமா இருக்கும்போல" என்றார். அந்த முள் தப்பாக நின்றதை ஊரில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை என்பதை நோலா அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்தக் கோடை வந்தது. மழை எங்களை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஓடையில் மீன் இல்லை, சேறு இருந்தது. பிறகு சேறும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே மேற்கு மலையில் புகை. சூரியன் காலையிலேயே செப்புக் காசு மாதிரி எழுந்து, அப்படியே விழுந்தது. கொடியில் காயும் துணியில் சாம்பல். கிறிஸ்துமஸ் கேக்கில்கூட ஒரு சாம்பல் வாசம். எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். லயல் மட்டும் கைபேசியைக் குனிந்து பார்த்தார்.

அதில் வானிலைக்கென்று ஒரு படையே வைத்திருந்தார். ஒன்று காற்றைச் சொல்லும், ஒன்று ஈரப்பதம் சொல்லும், ஒன்று எங்கே தீ இருக்கிறதென்று புள்ளி வைக்கும். நார்வே நாட்டு ஆப் ஒன்று கூலிஜாலில் வியாழக்கிழமை மழை என்று சொல்லிக்கொண்டே இருந்தது; எந்த வியாழன் என்று மட்டும் சொல்லவில்லை. கூரை மேல் காற்று அளக்கும் கிண்ணங்கள் சுற்றின. சமையலறையில் அழுத்தமானி. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுத்தால் லயலுக்கு அன்றைக்கு விருந்து. "சிட்னிக்காரன் வடமேற்குங்கிறான். என் கிண்ணம் மேற்கு-வடமேற்குங்குது" என்று நோலாவைத் துரத்தித் துரத்திச் சொல்வார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அப்ப கிண்ணத்தையே நம்பு" என்பாள்.

நோலாவிடமும் ஒரு வானிலை நிலையம் இருந்தது. அதன் பெயர் க்ளெனிஸ். அவளுடைய தங்கை. தெற்கே, கடலோர ஊரில் இருந்தாள். எங்கள் பக்கம் கொதிக்கிற நாளில் எல்லாரும் காத்திருப்பது தென்காற்றுக்கு. அது கடலோரமாகத் தெற்கிலிருந்து ஏறி வரும். வந்தால் நிமிஷத்தில் உடம்பு குளிரும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போட்டு, பீரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று வரவேற்போம். தமிழ்ப் புலவர்கள் தென்றல் என்று கொஞ்சுகிற சாது இல்லை இது. சொல்லாமல் வந்து நாற்காலியைக் கவிழ்க்கிற முரட்டு விருந்தாளி. இருந்தாலும் எங்களுக்குச் செல்லம். தென்காற்று க்ளெனிஸின் கொடித்துணியைப் பறித்ததும் அவள் அக்காவுக்குப் போன் போடுவாள். அதன்பின் எங்கள் ஊருக்கு வர ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. லயல் இதை விஞ்ஞானமாக ஏற்றுக்கொண்டதில்லை.

ஆனால் பக்கத்தில் காடு எரியும்போது இந்தச் செல்லம்தான் எமன். நாள் முழுக்க வடமேற்குக் காற்று தீயை ஒரு பக்கமாக நீளமாக இழுத்துக்கொண்டு போகும். தென்காற்று திரும்பியதும் அந்த நீளம் முழுவதும் பக்கவாட்டில் எழுந்து நம்மைப் பார்த்து வரும். இது கூலிஜாலில் குழந்தைக்கும் தெரியும். லயலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்; ஊர்ப் பொது மண்டபத்தில் படம் போட்டு விளக்கியவரே அவர்தான்.

வீட்டில் ஒரு திட்டம் இருந்தது. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. முள் பேரழிவுக்குப் போனால் இருவரும் கிளம்புவது. அதற்குக் கீழே எதுவானாலும் இருந்து வீட்டைக் காப்பது. பெட்ரோல் பம்ப், தண்ணீர்த் தொட்டி, கூரையில் தெளிப்பான்கள், பித்தளை மூக்கு வைத்த குழாய், எரியாத கம்பளிக் கோட்டு, படையின் வயர்லெஸ் செட்டு எல்லாம் தயார். நோலா கையெழுத்துப் போட்டபோது 'இருந்து' என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த வீட்டின் மீது அவளுக்கும் ஆசை உண்டு. சமையலறைக்கு அவளே மஞ்சள் அடித்திருந்தாள். மூன்று வருஷம் காய்க்காமல் ஏய்த்த பேஷன்ஃப்ரூட் கொடி அந்த வருஷம்தான் காய்த்திருந்தது. ஆனால் வெந்த நெஞ்சோடு, அனல் காற்றில், கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு குழாய் பிடிக்கப் போகிற கிழவனை நினைத்துத்தான் பேனா நின்றது. தீ வர வேண்டும் என்றுகூட இல்லை. தீயின் சூடு போதும் அவருக்கு.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை விடிந்தபோதே காற்று அடுப்பு வாய் மாதிரி இருந்தது. தெற்கு மலைக்கு அப்பால் தீ எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ சொன்னது: சிவப்பு. பேரழிவுக்கு ஒரு கட்டம் குறைவு.

"சிவப்பு" என்றார் லயல், முகத்தில் சோப்பு நுரையோடு. "நாம இருக்கோம்."

"ஒரே ஒரு கட்டம்தானே லயல். கிளம்பிடுவோமே."

"ஒரு கட்டம்னா ஒரு கட்டம்தான். ஒரு கட்டமா, ஒரு கட்டம்தானேன்னு ஆளாளுக்கு நகத்தினா அப்புறம் பலகை எதுக்கு? சக்கர ராட்டினம் வெச்சுக்கலாம்."

"நீதானே நகத்துற ஆளு? நகத்தேன்."

லயல் கத்தியை நிறுத்திக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பாதிரியாரிடம் போய்ப் பைபிளில் ஒரு வரி மாற்றேன் என்று கேட்டது போல் இருந்தது அந்தப் பார்வை. தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். முள்ளைச் சிவப்பில் வைத்துவிட்டு வந்தார்.

அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பியது. நாய், பூனை, போட்டோ ஆல்பம், கல்யாண கவுன். ஒருவர் காப்பி மிஷினை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனார். லயல் வேலியில் சாய்ந்து ஒவ்வொருவருக்கும் அன்றைய ஈரப்பதத்தைச் சொல்லி வழியனுப்பினார். டேனீஸ் லாரியை வாசலில் நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

"பெரிசு, கிளம்பு. மண்டபத்துக்கு வா. செங்கல் கட்டடம், சுத்தி மைதானம், லாரியும் அங்கதான் நிக்கும்."

"முள்ளு சிவப்புலதான் இருக்கு."

"முள்ளைப் பார்க்கல. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றேன். பீட்ரூட் மாதிரி இருக்கு."

"அது வெயில்."

டேனீஸ் நோலாவைப் பார்த்தாள். நோலா தலையை ஆட்டினாள். இவரை நகர்த்த முடியாது என்று அர்த்தம். லாரி போய்விட்டது.

மத்தியானம் தெற்கு மலைக்குப் பின்னால் புகை காலிஃபிளவர் மாதிரி கிளம்பியது. காற்று அதை எங்களுக்கு எதிர்ப்பக்கமாக, கடலை நோக்கித் தள்ளியது. லயலுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா? அந்தப் பக்கம் போகுது. நான் சொல்லல?" என்று ஏணியில் ஏறினார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்களின் வாயை டென்னிஸ் பந்துகளால் அடைத்து, பறந்து வரும் பொறி விழுந்தால் அணைய, கூரையோரத்துத் தகரக் கால்வாயில் தண்ணீர் நிரப்பினார். இறங்கியபோது அவர் கை ஏணியை விடவில்லை. சற்று நேரம் அதைப் பிடித்தபடியே நின்று, ஏணியின் உறுதியைச் சோதிப்பதுபோல் ஆட்டிப் பார்த்தார். நோலாவுக்குத் தெரியும். கிறுகிறுப்பு.

அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, தென்காத்து வந்துருச்சு!" என்றாள் க்ளெனிஸ். "பெட்ஷீட்டைப் பறிச்சுப் பக்கத்து வீட்டுக்காரன் படகு மேல போட்டுருச்சு. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல."

நோலா ஓடிப்போய்ச் சொன்னாள். லயல் கைபேசியை நீட்டினார். "இருட்டினப்புறம்தான் வரும்னு போட்டிருக்கான் பாரு. அப்ப ஈரம் ஏறிடும், தீ படுத்துடும்."

"லயல், அவ பெட்ஷீட்டே பறந்து போச்சு!"

"உன் தங்கச்சி ரெண்டு கிளிப்பு போட வேண்டிய இடத்துல ஒண்ணு போடுறவ. அவளை வெச்சு நான் வீட்டை விட்டுப் போகணுமா?"

"எனக்காகப் போகலாமே" என்றாள் நோலா. இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று கேட்டதில்லை. "எனக்குப் பயமா இருக்கு. நீ செத்துருவியோன்னு பயமா இருக்கு."

லயலின் முகம் ஒரு கணம் இளகியது. அப்புறம் அவர் திட்டம் ஒட்டியிருந்த குளிர்பெட்டிப் பக்கம் பார்த்தார். "முள்ளு சிவப்புல இருக்கு, நோலா" என்றார், மெதுவாக, அவளைச் சமாதானப்படுத்துகிறவர்போல.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதனிடம் நாலாவது காலை எடுத்துக் காட்டி என்ன பயன்? நோலா கையைத் துடைத்துக்கொண்டாள். "மண்டபத்துல பையன்களுக்குச் சாண்ட்விச் போடணுமாம். போறேன்" என்றாள். போகும்போது கோழிக்கூண்டின் கதவைத் திறந்து விட்டாள். பிஸ்கட் என்கிற நாயைப் பிக்கப் வண்டியில் ஏற்றினாள். மஞ்சள் சமையலறையை ஒருமுறை பார்த்தாள். கொடியிலிருந்து ஒரு பழம் பறிக்கலாம் என்று தோன்றியது, பறிக்கவில்லை.

முச்சந்தியில் வண்டியை நிறுத்தி அழுதாள். மண்டபம் அடுத்த வளைவில்தான். அங்கே போய் அழுதால் பத்து பேர் டீ கொண்டு வருவார்கள். தீயைச் சொல்லியாயிற்று. தங்கையைச் சொல்லியாயிற்று. சாவையும் சொல்லியாயிற்று. எதற்கும் அசையாத அந்த மனுஷன் எதற்குத்தான் அசைவான் என்று கண்ணைத் துடைத்தால், எதிரே பலகை. ஆஸ்பத்திரிப் பட்டையோடு தள்ளாடி இறங்கிப் போன மனிதர் ஞாபகம் வந்தது.

இறங்கிப் போய் முள்ளில் கை வைத்தாள். முதலில் கறுப்பு வரிப் பக்கம்தான் தள்ளப் பார்த்தாள். உடனே நிறுத்தினாள். மேலே தள்ளினால், 'எவனோ பயந்தாங்கொள்ளி செஞ்சிருக்கான்' என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். கீழே போனால்? இப்படிப்பட்ட நாளில், லயல் பெனிங்டனின் முள் கீழே நின்றால்?

முள்ளை ஆரஞ்சு தாண்டி, மஞ்சள் தாண்டி, நீலம் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து பச்சையில் விட்டாள். அபாயம் மிகக் குறைவு. வானம் பூசணிக்காய்த் துண்டு நிறத்தில் இருந்தது. மேலிருந்து கருகிய தைலமர இலைகள் சுழன்று சுழன்று விழுந்தன. இதற்குக் கீழே நின்று பச்சையை நம்புகிறவன் யாராவது இருந்தால் அவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. போலீஸ் இரண்டு பக்கமும் சாலையை அடைத்திருந்ததால் அப்படி ஒருவன் வரவும் வழியில்லை.

மண்டபத்தில் போய் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி காத்திருந்தாள். ஒருவர் ஓடி வருவார், 'முள் பச்சையில் நிற்கிறது' என்று கூவுவார் என்று நினைத்திருந்தாள். லாரிக்காரர்கள் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரே கண்கொட்டாமல் பார்ப்பதாக லயல் நம்பிய அந்த முள்ளை ஓர் ஈ காக்கா பார்க்கவில்லை. நோலா கத்தியை வைத்துவிட்டு டேனீஸிடம் போனாள்.

"டேனீஸ், வயர்லெஸ்ல லயலைக் கூப்பிடு. முள்ளு பச்சையில நிக்குதுன்னு சொல்லு."

"பச்சையிலயா? எவன்டா அந்த..." என்று ஆரம்பித்த டேனீஸ், நோலாவின் முகத்தைப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த முள்ளின் சிவப்புத் துருவைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. மைக்கை எடுத்தாள்.

"லயல், கேக்குதா? உன் முள்ளு பச்சையில நிக்குது."

சற்று இரைச்சல். "என்ன நிக்குது?"

"பச்சை. டிவிக்காரங்க வந்து படம் எடுத்துட்டிருக்காங்க. கூலிஜால்காரங்களுக்குப் புத்தி பேதலிச்சிருச்சான்னு கேக்குறாங்க."

டிவியும் இல்லை, ஒன்றும் இல்லை. டேனீஸ் இந்த அளவுக்குப் பொய் சொல்வாள் என்று நோலா நினைத்ததில்லை. வயர்லெஸ்ஸில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் நிசப்தம்.

நோலாவுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம் சுரீரென்றது. வண்டி தன்னிடம் இருக்கிறது! அந்த மனிதர் எதில் வருவார்? நடந்தா? இந்த வெயிலில், இந்த நெஞ்சோடு? இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டவள் இதை யோசிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடி ஓடினாள். அவள் வண்டிக்குப் போவதற்குள் வளைவில் ஒரு சத்தம் கேட்டது; டேனீஸோடு முச்சந்திக்கு ஓடினாள்.

புல் வெட்டும் வண்டியில் வந்தார் லயல். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, ஆட்டுக்கடா வேகத்தில் போகிற அந்தச் சின்னச் சிவப்பு வண்டியில். கம்பளிக் கோட்டு, தலைக்கவசம், கழுத்தில் ஈரத்துண்டு. சாம்பல் மழையில், நேராக நிமிர்ந்து, படை திரட்டி வருகிற ராஜா மாதிரி. பிஸ்கட்கூடக் குரைக்க மறந்து பார்த்தது. பலகையடியில் இறங்கினார், முள்ளைப் பிடித்தார், சிவப்பில் கொண்டு போய் வைத்தார். ஒரு விரலால் சரி பார்த்தார். பிறகு திரும்பி டிவிக்காரர்களைத் தேடினார்.

"எங்க அவனுங்க?"

"இப்பத்தான் போனாங்க" என்றாள் டேனீஸ்.

"நான் விளக்கம் குடுத்திருப்பேன்ல! சரி, வீட்டுக்குப் போறேன். பம்பை ஓடவிட்டு வந்திருக்கேன்."

டேனீஸ் புல்வெட்டி வண்டியின் சாவியை எடுத்துத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். லயல் வாயைத் திறப்பதற்குள் அது வந்தது. முதலில் தைலமரங்களின் உச்சி மட்டும் அசைந்தது. அடுத்து முகத்தில் பளாரென்று ஒரு குளிர்ந்த அறை. மண்டபத்துக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும், பழக்கதோஷம், வாசலுக்கு வந்து முகத்தை நீட்டி அந்தக் குளிரை வாங்கினார்கள். ஒருவர் "அப்பாடா" என்றுகூடச் சொல்லிவிட்டார். சொன்னவர் உடனே வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் தெற்கு மலையைப் பார்த்தார்கள்.

மலையின் முதுகு முழுக்க, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, தீ எழுந்து நின்றது. இறங்கி வர அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. லயலின் வீடு மலைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது.

மண்டபம் தப்பியது. ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்த எல்லாரும் தப்பினோம். லயலின் வீடு தப்பவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது லயலின் இரண்டாவது பதவி. ஊர் மைதானத்தில் யாரோ இரவல் கொடுத்த கேரவனில் இருவரும் குடியேறினார்கள். கேரவன் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் லயல் வழக்குரைத்தார். "நான் அங்க இருந்திருந்தா வீடு நின்னிருக்கும். எல்லாம் தயாரா இருந்துச்சு. எவனோ ஒரு வேலையத்தவன் முள்ளைத் திருப்பி என்னைக் கிளப்பிட்டான். அவன்தான் என் வீட்டைக் கொளுத்தினவன்." சந்தேகப் பட்டியலில் முதலில் சிட்னிச் சுற்றுலாக்காரர்கள் இருந்தார்கள், பிறகு மெல்போர்ன்காரர்கள் சேர்ந்தார்கள், ஒரு கட்டத்தில் நார்வேயும் தப்பவில்லை.

ஊர் முழுக்க அது யார் என்று தெரியும். டேனீஸ் சொல்லவில்லை, எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவர்கூட லயலிடம் வாய் திறக்கவில்லை. ஒரு வீட்டுப் பூனை குட்டி போட்டால் மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கப் பரப்புகிற வாய்கள் இவை. அத்தனையும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நோலா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்" என்று அவர் சொல்லும்போது, "சூப்பு ஆறுது" என்பாள். மைதானத்துக் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டு அழுவாள். வீடு போனதற்காகவும் அழுதாள், அவர் சொல்வது ஒருவேளை உண்மையோ என்றும் அழுதாள். அவர் இருந்திருந்தால் வீடு நின்றிருக்குமோ? பேஷன்ஃப்ரூட் கொடி நின்றிருக்குமோ? அதற்குப் பதில் சொல்லக்கூடியது அந்த இடம் ஒன்றுதான். அங்கே போகலாமா என்றால், "எனக்குப் பார்க்க வேண்டியதில்ல" என்று லயல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடிபாட்டை அள்ளுகிற இயந்திரம் வருகிற வாரத்தில்தான், வேறு வழியில்லாமல், போனார்கள். கூரைத் தகரம் கசக்கிய காகிதமாகக் கிடந்தது. சமையலறை இருந்த இடத்தில் குளிர்பெட்டியின் எலும்பு. நோலா கொடி இருந்த இடத்தைத் தேடினாள். எந்த இடம் என்றே தெரியவில்லை. லயல் வாசல்படிக்குப் போனார். படி மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கேதான் அவர் நிற்பதாகத் திட்டம். அந்தப் படியடியில் பம்ப் இருந்தது; அதாவது, பம்பாக இருந்த அலுமினியம் உருகி ஓடி, படியின் விளிம்பில் வழிந்து, மண்ணில் உறைந்து கிடந்தது. குழாய் இல்லை. பித்தளை மூக்கு ஒரு மஞ்சள் கட்டியாகச் சுருங்கியிருந்தது.

லயல் அதைக் காலால் தட்டிப் பார்த்தார். தாம் நின்றிருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றார். குழாயைப் பிடிப்பதுபோல் கையை வைத்தார், பிறகு இறக்கிக்கொண்டார். நோலா கிட்டப் போகவில்லை. ஈரப்பதம் பற்றியோ காற்றைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கேரவனுக்கு வந்ததும் அவள் டீ போட்டாள். டேனீஸ் எட்டிப் பார்த்து, வம்புக்குக் கேட்டாள், "என்ன பெரிசு, உன் திருடனைக் கண்டுபிடிச்சியா?"

"எந்தத் திருடன்?" என்றார் லயல். "வேற வேலை இல்ல உனக்கு? போய் பஸ்ஸை ஓட்டு."

டேனீஸ் நோலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். லயல் டீயை ஊதினார். பிஸ்கட்டுக்கு ரொட்டி ஓரத்தைக் கிள்ளிப் போட்டார். நோலாவின் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"அந்த முள்ளைத் திருப்பின ஆளு..."

நோலாவின் கை கோப்பையில் நின்றது. "ம்?"

"எப்பவாவது நீ பார்த்தா சொல்லு. பச்சை வரைக்கும் போயிருக்க வேண்டியதில்ல. அது ரொம்ப ஓவர். ஒரே ஒரு கட்டம், ஆரஞ்சுல வெச்சிருந்தாலே நான் ஓடி வந்திருப்பேன்."

நோலா கோப்பையைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் கொட்டியிருக்கும்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "நீ நிச்சயமா வரணுமேன்னு இருந்திருக்கும்."